ஃபீட் பம்ப்பும் காற்றின் எடையும்

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளம் போகும் பாதையில், புளியரை எஸ் வளைவைத் தெரியாத லாரி டிரைவர் இருக்க முடியாது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய வண்டிகள் அங்கே கீழ் கியரில் முனகிக்கொண்டு ஏறும். அதுவரை ஒரு குறையும் காட்டாமல் வந்த லாரி ஒன்று, ஏற்றத்தின் நடுவில் வேகம் குறைந்து, இரண்டு மூன்று முறை திணறி, நின்றுபோகிறது. சற்று நேரம் கழித்து செல்ஃப் அடித்தால் எடுக்கிறது. கொஞ்ச தூரம் ஏறுகிறது. மறுபடியும் நிற்கிறது.

இப்படிப்பட்ட வண்டி பட்டறைக்கு வரும்போது டிரைவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "அண்ணாச்சி, சமதரையில நல்லாத்தான் ஓடுது, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்கு." அனுபவமுள்ள மெக்கானிக் உடனே ஸ்பானரை எடுப்பதில்லை. இரண்டு கேள்வி கேட்பார். "காலையில ஒரே செல்ஃப்ல எடுக்கா? டேங்க்ல எவ்வளவு டீசல் இருக்கையில இப்படிப் பண்ணுது?"

சாதாரணமாகத் தோன்றும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் ஏறத்தாழ நானூறு ஆண்டு இயற்பியல் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், நல்ல பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் வீண்செலவு மிச்சமாகும். இந்த அத்தியாயம் அந்தச் சின்னப் பம்ப்பைப் பற்றியது. லிஃப்ட் பம்ப் என்றும், பட்டறை வழக்கில் ஃபீட் பம்ப் என்றும் சொல்லப்படும் அது, டேங்கில் கிடக்கும் டீசலை என்ஜினுக்குத் தூக்கித் தரும் இயந்திரம்.

டேங்க் கீழே, என்ஜின் மேலே

வயலில் தண்ணீர் இறைக்கும் பழைய ஆயில் என்ஜின்களைப் பார்த்திருப்பீர்கள். டீசல் தொட்டி என்ஜினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். டீசல் தன் எடையாலேயே கீழே இறங்கி என்ஜினை அடைந்துவிடும். தூக்கித் தர இன்னொரு பம்ப் தேவையில்லை.

லாரியில் அப்படி வைக்க முடியாது. நூற்றுக்கணக்கான லிட்டர் டீசலைத் தலைக்கு மேல் சுமப்பது ஆபத்து. ஆகவே டேங்கை சேஸிஸின் பக்கவாட்டில், தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். என்ஜினின் பக்கத்தில் பொருத்திய ஃபீட் பம்ப், அந்த டீசலைக் குழாய் வழியாக மேலே வரவழைத்து, ஃபில்டர்களுக்குள் தள்ளுகிறது. ஃபில்டரில் தூசு நீங்கிய டீசல், பட்டறையில் 'டீசல் பம்ப்' என்றே அழைக்கப்படும் இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்குப் போகிறது. அது டீசலை மிக உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்றி, நாஸில் வழியாக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது.

இந்த அமைப்பு வந்து சேர்வதற்கே காலம் பிடித்தது. ருடால்ஃப் டீசலின் என்ஜின் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ல் வெற்றிகரமாக ஓடியபோது, எரிபொருளை உள்ளே செலுத்த அழுத்திய காற்றைப் பயன்படுத்தினார்கள். அதற்கான கம்ப்ரஸர் பெரியது, கனமானது. ஆலைக்கும் கப்பலுக்கும் பொருந்தியது, சாலை வண்டிக்குப் பொருந்தவில்லை. 1920-களில்தான் டீசல் லாரிகள் சாலைக்கு வந்தன. ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-ல் இன்ஜெக்‌ஷன் பம்ப்புகளைத் தொடர் உற்பத்தியாகச் செய்யத் தொடங்கிய பிறகு டீசல் லாரி பரவலானது. இந்தியாவில் 1951-ல் நிறுவப்பட்ட மைக்கோ நிறுவனம் பெங்களூரில் பாஷின் தொழில்நுட்பத்தில் அந்தப் பம்ப்புகளைச் செய்தது. எண்ணூரில் உருவான லேலண்டு, ஜம்ஷெட்பூரில் உருவான டாடா என்று நம் சாலைகளை நிறைத்த லாரிகளில் பல தலைமுறைகள் இந்த வகை எரிபொருள் அமைப்போடுதான் ஓடின. இன்றும் நெல்லைச் சீமையில் நெல், வாழை, சிமென்ட், செங்கல் ஏற்றும் பழைய வண்டிகளில் இதைக் காணலாம்.

காற்றுதான் தூக்குகிறது

'பம்ப் டீசலை இழுக்கிறது' என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் திரவத்தை யாராலும் இழுக்க முடியாது. பம்ப் செய்வது ஒன்றே ஒன்று: குழாயின் தன் பக்க முனையில் அழுத்தத்தைக் குறைக்கிறது. டேங்கில் இருக்கும் டீசலின் மேல் வளிமண்டலம் தன் முழு எடையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் அதிகம், இந்தப் பக்கம் குறைவு. ஆகவே காற்று டீசலைத் தள்ளி மேலே ஏற்றுகிறது.

இந்தத் தள்ளலுக்கு ஓர் எல்லை உண்டு. உறிஞ்சும் பம்ப்பால் தண்ணீரைச் சுமார் பத்து மீட்டருக்கு மேல் ஏற்ற முடியவில்லை என்ற செய்தியை கலிலியோ 1638-ல் வெளியான தன் நூலில் பதிவு செய்தார். காரணத்தைக் கண்டவர் அவர் வழிவந்த டாரிசெல்லி. 1644-ல் அவர் பாதரசத்தை வைத்து, காற்றின் எடை 76 சென்டிமீட்டர் உயரப் பாதரசத் தூணைத் தாங்குகிறது என்று காட்டினார். 1648-ல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயோடு பிரான்சின் ஒரு மலையில் ஏறினார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கியது. மலை உச்சியில் காற்றின் எடை குறைவு என்பது உறுதியானது.

இந்த விதியை நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்து விவசாயிகள் புத்தகம் படிக்காமலேயே அறிவார்கள். ஆற்றுப் பாசனம் போதாத அந்தக் காய்ந்த நிலத்தில் கிணறுகள் ஆழமானவை. நீர்மட்டத்துக்கும் பம்ப்புக்கும் இடையே ஏழெட்டு மீட்டருக்கு மேல் போனால் தண்ணீர் ஏறாது. ஆகவே கிணற்றுச் சுவரிலேயே திட்டு வெட்டி, மோட்டாரை உள்ளே இறக்கி வைத்தார்கள். கோடையில் நீர் இறங்கினால் மோட்டாரும் இறங்கும். குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வு கசிந்து உள்ளே காற்று புகுந்துவிட்டால், மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஒரு சொட்டு வராது. தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினால்தான் வரும்.

லாரியின் டீசல் குழாயிலும் இதே விதிதான். டீசல் தண்ணீரைவிட லேசானது என்பதால் காற்று அதைக் கிட்டத்தட்ட 12 மீட்டர் வரை ஏற்றக்கூடும். லாரியில் ஏற்ற வேண்டிய உயரமோ ஒரு மீட்டருக்குள். காற்றின் பலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. மணிமுத்தாறு அணையைத் தாண்டி, கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வண்டி ஏறினாலும், காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் குறையும். அப்போதும் தேவையைப் போலப் பல மடங்கு பலம் மிச்சமிருக்கிறது.

இந்தக் கணக்கு ஒரு முக்கியமான முடிவைத் தருகிறது. டீசல் ஏறவில்லை என்றால் அதற்கு உயரம் காரணமல்ல. ஒன்று, காற்று டீசலைத் தள்ளவிடாமல் எங்கோ அடைப்பு இருக்கிறது. அல்லது, டீசலுக்குப் பதில் காற்றே குழாய்க்குள் நுழைகிறது. அல்லது, அழுத்தத்தைக் குறைக்கும் வேலையைப் பம்ப் செய்யவில்லை. பம்ப் வரையிலான கோளாறு இந்த மூன்றுக்குள் அடங்கும். பம்ப்பைத் தாண்டி ஃபில்டர் அடைபட்டிருந்தால் அது நான்காவது. பழுது பார்ப்பது என்பது இந்த நான்கில் எது என்று கண்டுபிடிப்பதுதான்.

ஏற்றத்தில் மட்டும் ஏன் நிற்கிறது? முழுச் சுமையோடு ஏறும் என்ஜினுக்கு, சும்மா ஓடும் என்ஜினைப் போலப் பல மடங்கு டீசல் வேண்டும். குறுகிய வழியில் ஓட்டம் கூடக்கூட அழுத்த இழப்பும் கூடும். பாதி அடைத்த குழாய் சமதரையின் தேவைக்குப் போதும். ஏற்றத்தின் தேவைக்குப் போதாது. வண்டி நின்ற பிறகு டீசல் மெல்ல ஊறி வந்து நிரம்புகிறது, மறுபடி எடுக்கிறது.

பம்ப்புக்குள் ஒரு ஸ்பிரிங்

மைக்கோ வகை ஃபீட் பம்ப் இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் வயிற்றில் பொருத்தப்பட்டிருக்கும். இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் கேம் ஷாஃப்ட் சுற்றும்போது, அதிலுள்ள மேடு உருளை வைத்த டேப்பெட்டைத் தள்ளுகிறது. டேப்பெட் ஒரு மெல்லிய கம்பியைத் தள்ளுகிறது. கம்பி உள்ளே உள்ள பிளஞ்சரைத் தள்ளி, பின்னாலுள்ள ஸ்பிரிங்கை அழுத்துகிறது. இந்த அசைவில், பிளஞ்சரின் ஒரு பக்கத்திலிருந்த டீசல் டெலிவரி வால்வைத் தாண்டி மறுபக்கத்துக்கு இடம் மாறுகிறது. இன்னும் வெளியே போகவில்லை.

கேமின் மேடு விலகியதும் ஸ்பிரிங் பிளஞ்சரைத் திருப்பித் தள்ளுகிறது. அப்போது இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது: ஒரு பக்கத்தில் டீசல் ஃபில்டரை நோக்கி வெளியேறுகிறது, மறுபக்கத்தில் அழுத்தம் குறைந்து, சக்‌ஷன் வால்வு திறந்து, டேங்கிலிருந்து புது டீசல் வருகிறது. ஆக, டீசலை அனுப்புவதும் வரவழைப்பதும் ஸ்பிரிங்கின் வேலை. என்ஜின் செய்வது ஸ்பிரிங்கை அழுத்தி வைப்பது மட்டும்.

இந்த வடிவமைப்பின் அழகு இங்கேதான். என்ஜினுக்குக் குறைவாக டீசல் தேவைப்படும்போது ஃபில்டர் பக்கம் அழுத்தம் ஏறுகிறது. ஸ்பிரிங்கால் அந்த அழுத்தத்தை எதிர்த்து முழுத் தூரம் தள்ள முடியாது. பிளஞ்சர் பாதியிலேயே நிற்கும். கேம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் பம்ப் தன் நடையைத் தானே சுருக்கிக்கொள்கிறது. தேவை கூடினால் மறுபடி முழு நடை. கம்ப்யூட்டரும் சென்சாரும் இல்லாமல், ஒரு ஸ்பிரிங் தேவையறிந்து பரிமாறுகிறது.

வேறு சில என்ஜின்களில் பிளஞ்சருக்குப் பதில் ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அதை என்ஜினின் கேம் ஒரு நெம்புகோலால் அசைக்கும். அங்கேயும் டீசலை வெளியே தள்ளுவது ஸ்பிரிங்தான். இரண்டு வகையிலும் கையால் அடிக்க ஒரு பிரைமர் உண்டு. என்ஜின் ஓடாதபோது டீசலை வரவழைக்க அது உதவும். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு: நோயைச் சொல்லும் கருவியும் அதுதான்.

ஒரு குமிழி ஏன் லாரியை நிறுத்துகிறது

இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் பிளஞ்சர் ஒரு தடவைக்கு அனுப்பும் டீசல் ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். நாஸில் திறக்க சுமார் 200 பார் அழுத்தம், அதாவது வளிமண்டலத்தைப் போல 200 மடங்கு, வேண்டும். அவ்வளவு அழுத்தத்திலும் டீசல் சுருங்குவது நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதனால் பிளஞ்சர் தள்ளியது அப்படியே நாஸிலை எட்டுகிறது.

காற்று அப்படியல்ல. 200 பார் அழுத்தத்தில் அது இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிளஞ்சருக்கு மேல் டீசலுக்குப் பதில் குமிழி உட்கார்ந்திருந்தால், பிளஞ்சர் மேலே போகும்போது குமிழி சுருங்கும், கீழே வரும்போது விரியும். அழுத்தம் 200 பாரை எட்டவே எட்டாது. நாஸில் திறக்காது. அந்த சிலிண்டரில் தீப்பிடிக்காது. 'ஏர் பிடிச்சிருச்சு' என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான்.

காற்று எங்கிருந்து வருகிறது? இங்கே ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஃபீட் பம்ப்புக்குப் பிறகு உள்ள குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். டேங்க் முதல் ஃபீட் பம்ப் வரையுள்ள சக்‌ஷன் குழாயில், வண்டி ஓடும்போது, அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கீறல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கும்போது இளநீர் வெளியே ஒழுகுவதில்லை, வாய்க்குக் காற்றுதான் வருகிறது, அதேதான் இது. சொட்டு ஈரம்கூட இல்லாத, பார்க்கச் சுத்தமான குழாய்தான் பல நேரம் குற்றவாளி.

மெக்கானிக் கேட்ட முதல் கேள்வியின் பொருள் இப்போது விளங்கும். இரவு முழுதும் வண்டி நிற்கும்போது, கீறல் வழியே நுழையும் காற்று குழாயிலுள்ள டீசலை மெல்லக் கீழே விட்டுவிடும். காலையில் குழாய் காலி. பிரைமர் அடிக்காமல் வண்டி எடுக்காது என்றால் காற்றுக் கசிவு அல்லது பிடிக்காத வால்வு. காலையில் சுகமாக எடுத்து, ஏற்றத்தில் மட்டும் நின்றால் அடைப்பு அல்லது தளர்ந்த பம்ப். ஒரே கேள்வி, பிரச்சினையைப் பாதியாக வெட்டிவிட்டது.

வரிசையாகத் தேடுவது

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பீடி சிகரெட்டைத் தள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். வரிசை முக்கியம்: கழற்ற வேண்டாதவற்றை முதலில், பம்ப்பைக் கடைசியில்.

டேங்க் மூடி. அதில் காற்று புகும் சிறு துளை உண்டு. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். சிமென்ட் தூசும் செம்மண்ணும் அந்தத் துளையை அடைத்துவிட்டால், டேங்குக்குள் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். டீசலைத் தள்ள ஆளில்லாமல் போகும். வண்டி நின்ற உடனே மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால் கோளாறு கிடைத்துவிட்டது. துளையைச் சுத்தம் செய்வதற்குச் செலவே இல்லை.

அடுத்தது பிரைமர். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கையால் அடித்துப் பாருங்கள். கையில் உணரும் கனமும் கண்ணில் தெரியும் டீசலும் சேர்ந்து விடை தரும். மேலே தூக்கும்போது கனமாக இருந்து, விட்டதும் தானே கீழே இறங்கினால், பம்ப்புக்கு முன்னால் அடைப்பு: டேங்குக்குள் உள்ள குழாய், நசுங்கிய ஹோஸ், அல்லது பம்ப்பின் முகப்பிலுள்ள சல்லடை. ஃபில்டருக்கு முந்திய ஸ்குரூவில் டீசல் தாராளமாகவும், பிந்திய ஸ்குரூவில் கஞ்சத்தனமாகவும் வந்து, அழுத்தும்போது கனத்தால் ஃபில்டர் அடைபட்டிருக்கிறது. எவ்வளவு அடித்தாலும் குமிழி ஓயவில்லை என்றால் சக்‌ஷன் பக்கம் காற்று நுழைகிறது. டேங்கில் டீசல் இருந்தும், தூக்கும்போதும் அழுத்தும்போதும் கனமே இல்லாமல், எதுவும் வராவிட்டால் வால்வுகள் உட்காரவில்லை.

காற்று நுழையும் இடங்கள் ஒரு சிலவே. குழாய் முனைகளிலுள்ள காப்பர் வாஷர்கள் ஒருமுறை இறுகி நசுங்கியவை. கழற்றி மறுபடி போட்டால் முன்போல் படியாது. புது வாஷர் போட வேண்டும். சேஸிஸில் கிளாம்ப் பிடித்த இடத்தில் அதிர்வால் தேய்ந்த குழாய், வெயிலில் வெடித்த ரப்பர் ஹோஸ், சல்லடைக் கிண்ணத்தின் கேஸ்கட், பிரைமரின் சொந்த ரப்பர் வளையம் இவை மற்றவை. சந்தேகமுள்ள இணைப்புக்கு அடுத்து ஒரு துண்டு ஒளிபுகும் ஹோஸை இடையில் வைத்து என்ஜினை ஓட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ஹோஸை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திப் பார்த்தால், குமிழி எந்த இணைப்பில் பிறக்கிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே வந்தால் மட்டும் காற்று பிடிக்கும் வண்டிகள் உண்டு. டேங்குக்குள் இறங்கும் குழாயில் நடுவே விரிசல் இருக்கும். டீசல் மட்டம் விரிசலுக்கு மேலிருக்கும்வரை அது டீசலையே வாங்கும். மட்டம் இறங்கியதும் காற்றை வாங்கும். வெளியே எவ்வளவு தேடினாலும் இது அகப்படாது.

இவ்வளவுக்குப் பிறகும் தெளிவு பிறக்காவிட்டால், ஒரு கேன் சுத்தமான டீசலும் ஒரு துண்டு ஹோஸும் போதும். டேங்கிலிருந்து வரும் குழாயைப் பம்ப்பில் கழற்றிவிட்டு, கேனிலிருந்து டீசல் கொடுங்கள். முதலில் கேனைப் பம்ப்புக்கு மேலே வைத்து ஏர் எடுத்து ஓட்டுங்கள். அப்போதும் முடுக்கும்போது திணறினால் குறை ஃபில்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. நன்றாக ஓடினால், கேனை டேங்கின் மட்டத்துக்கு இறக்கி வையுங்கள். இப்போதும் நன்றாக ஓடினால் பம்ப் குற்றமற்றது. லாரியின் குழாயையும் டேங்கையும் தேடுங்கள். மேலே இருந்தபோது ஓடி, கீழே இறக்கியதும் நின்றால் மட்டுமே பம்ப்பைக் கழற்றக் காரணம் இருக்கிறது. இது பெரியே மலையில் செய்ததற்கு நிகரான சோதனை: மற்றவை அப்படியே இருக்க, உயரம் ஒன்றை மட்டும் மாற்றி விடை கேட்பது.

பம்ப்பைக் கழற்றினால் பார்க்க வேண்டியவை நான்கு. வால்வுகளின் அடியில் மணலோ, துடைத்த துணியின் நூலோ சிக்கியிருக்கிறதா? ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறதா? பிளஞ்சரில் நெடுக்குக் கோடுகள் விழுந்து தேய்ந்திருக்கிறதா? தள்ளுகம்பி தன் துளையில் தளர்ந்திருக்கிறதா? கடைசியதை அலட்சியம் செய்யக் கூடாது. அந்த இடைவெளி வழியே டீசல் கசிந்து இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் கேம் அறையிலுள்ள ஆயிலோடு கலக்கும். டயாஃப்ரம் வகையில் டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் நேராக என்ஜின் ஆயிலில் போய்ச் சேரலாம். ஆயில் கேஜில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்து, தொட்டால் நீர்த்து, டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. சில நூறு ரூபாய் உதிரியில் முடிய வேண்டியது என்ஜின் வேலையாக வளர்ந்துவிடும்.

வெள்ளம் விட்டுச் சென்ற தண்ணீர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை கடந்து நெல்லை சந்திப்பிலும் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்திலும் புகுந்தது. அப்படி டேங்க் மூழ்கும் அளவு தண்ணீரில் நின்ற எந்த வண்டியிலும், மேலே சொன்ன அதே மூடித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போக முடியும்.

தண்ணீர் டீசலைவிடக் கனமானது. டேங்கின் அடியில் தங்கும். டீசலை எடுக்கும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகள். அங்கே உயவுப் பொருளாக இருப்பது டீசலே. தண்ணீர் நுழைந்தால் உயவும் போகிறது, துருவும் ஏறுகிறது. நாள்பட்ட தண்ணீரில் வேறொரு தொல்லையும் உண்டு: தண்ணீரும் டீசலும் சந்திக்கும் படலத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கொழகொழவென்ற கசடாகி, சல்லடையை அடைக்கும்.

ஆகவே வெள்ளத்தில் நின்ற வண்டியில் செல்ஃப் அடிப்பதற்கு முன்பே டேங்கின் வடிகால் போல்ட்டையும் ஃபில்டரின் அடி ஸ்குரூவையும் திறந்து வடிக்க வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கினால் ஃபீட் பம்ப் தண்ணீரையும் டீசலையும் கடைந்து கலக்கிவிடும். பிறகு பிரிப்பது கடினம். இரவெல்லாம் அசையாமல் நின்ற வண்டியில் தண்ணீர் தானே பிரிந்து அடியில் இருக்கும் என்பதால், மழைக்காலத்தில் அதிகாலை வேளையே வடிப்பதற்கு ஏற்றது.

மகேந்திரகிரியிலும் இதே விதி

இதே நெல்லை மாவட்டத்தில், பணகுடிக்கு அருகே மகேந்திரகிரி மலையடிவாரத்தில், இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட்டுகளின் விகாஸ் என்ஜினும் கிரையோஜெனிக் என்ஜின்களும் அங்கே சோதிக்கப்படுகின்றன. அங்குள்ள பம்ப்புகள் மிக வேகமாகச் சுழல்பவை. மைனஸ் 253 டிகிரி குளிரிலுள்ள திரவ ஹைட்ரஜனைக் கையாள்பவை. ஆனாலும் அவற்றாலும் திரவத்தை இழுக்க முடியாது. விண்வெளியில் தள்ளிக் கொடுக்கக் காற்றும் இல்லை. எனவே தொட்டிக்குள்ளேயே வாயு அழுத்தத்தைப் பராமரிக்கிறார்கள். அதுதான் எரிபொருளைப் பம்ப்புக்குத் தள்ளுகிறது.

2021 ஆகஸ்ட் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10 ராக்கெட்டின் கிரையோஜெனிக் மேல்நிலை சரியாக இயங்கவில்லை, இ.ஓ.எஸ்.-03 செயற்கைக்கோளை இழந்தோம். ஆராய்ந்த குழு கண்டது இது: ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்திருந்தது. தொட்டிக்குள் இருந்து, பிரதான டர்போ பம்ப்புக்கு எரிபொருள் ஊட்டும் பூஸ்டர் பம்ப் அதனால் ஒழுங்காக இயங்கவில்லை. என்ஜினுக்குப் போதிய ஹைட்ரஜன் போகவில்லை. அழுத்தம் குறைந்ததற்கு, தொட்டியின் வெளியேற்று வால்வில் மென்மையான ஒரு சீல் சேதமாகிக் கசிந்ததே பெரும்பாலும் காரணம் என்று குழு சொன்னது.

பிரதான பம்ப்புக்கு ஊட்டித் தரும் சிறு பம்ப், தொட்டியின் அழுத்தம், கசியும் ஒரு சீல்: லாரியில் நாம் தேடிய அதே மூன்று பெயர்கள். ஊட்டும் பம்ப் தடுமாறியது. மூலக்காரணமோ அதற்கு முன்னால், தொட்டியில் இருந்தது. குறையைத் திருத்திய பிறகு, அடுத்த ஜி.எஸ்.எல்.வி. 2023 மே 29 அன்று வெற்றிகரமாகப் பறந்தது.

புது லாரிகளில் ஒரு எச்சரிக்கை

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 லாரிகளில் எரிபொருள் அமைப்பு மாறிவிட்டது. காமன் ரெயில் எனப்படும் பொதுக் குழாயில் டீசலின் அழுத்தம் 1,500 பாருக்கும் மேல் போகும். பழைய வண்டியில் நாஸில் நட்டைத் தளர்த்திக் காற்று எடுத்த பழக்கத்தில் இங்கே கை வைக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஆனால் டேங்கிலிருந்து குறைந்த அழுத்தப் பக்கம் வரையுள்ள இயற்பியல் மாறவில்லை. மூடியின் துளை, குழாயின் கீறல், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் எல்லாம் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

டிரைவர்களுக்கும் லாரி உரிமையாளர்களுக்கும் சொல்ல வேண்டியது இதுதான். தினமும் காலையில் பிரைமர் அடித்து வண்டியை எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். ஏர் எடுத்தால் அன்றைய பொழுது போகும்; காற்று நுழைந்த வழி அப்படியே இருக்கும். பட்டறைக்குப் போகும்போது வண்டி எப்போது நிற்கிறது, டேங்கில் எவ்வளவு இருக்கையில் நிற்கிறது, காலையில் எப்படி எடுக்கிறது என்ற மூன்றையும் கவனித்துச் சொல்லுங்கள். வண்டியில் புது காப்பர் வாஷர்கள் சிலவும் ஒளிபுகும் ஹோஸ் ஒரு துண்டும் வைத்திருங்கள். கேன் சோதனை செய்து பார்க்காமல் யாரும் ஃபீட் பம்ப்பை மாற்றச் சொன்னால், முதலில் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.